புலி கடித்த வழக்கு

வெறுங்கையோடு ஒரு ஆள் புலியை எதிர்த்து மீள முடியுமா என்ற கேள்வியை ஒரு முறை சட்டப்படி விசாரித்தார்கள். விசாரித்த இடத்தில் நானும் நின்றேன், சாட்சியின் வாய்க்கும் நீதவானின் காதுக்கும் இடையில். மொழிபெயர்ப்பாளர் என்பது என் உத்தியோகம். கண்டிப் பக்கத்தில் எந்தக் கோடு, அதாவது எந்த நீதிமன்றம், எந்த வருடம் என்று கேட்க வேண்டாம். முப்பதுகள் தொடங்கியிருந்தன. எனக்கு இருபத்தைந்து வயது. உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. மிச்சத்தைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம், கறையான் விட்டு வைத்திருந்தால்.

இப்போது நான் ஓய்வூதியக்காரன். எந்த விண்ணப்பத்தை எத்தனை பிரதியில், எந்தக் கந்தோரில், எந்த மேசையில் கொடுப்பது என்று கேட்டு ஆட்கள் இன்னும் வருகிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். அந்த வழக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காமலே எழுதுகிறேன்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த வழக்கு. எதிரிக் கூண்டில் நின்றவனுக்கு இருபது வயது இருக்கும். கவ்வாத்து வெட்டுகிறவன், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் வேலை. தன் அக்காளைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கடுங்காயம் உண்டாக்கினான் என்பது குற்றச்சாட்டு. அவள் லயத்துக் காம்பராவுக்குள், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறைக்குள், ஆடு கட்டி வைத்ததற்காக முதல் நாள் மாலை இருவரும் சண்டை பிடித்ததை லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது. மறுநாள் விடியலில், காலைப் பெயர்க் கணக்கெடுப்பான பிரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன், லயத்துக்குப் பின்னால் அவள் இரத்தத்தோடு கிடந்தாள். தம்பி கத்தியோடு பக்கத்தில் நின்றான். புலி பாய்ந்தது என்று அக்காள் சொன்னாள். சத்தம் கேட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன் என்று அவன் சொன்னான். புலியைக் கண்ட வேறு ஆள் இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் காயத்தை எட்ட நின்று பார்த்து, கூரிய ஆயுதம் என்று எழுதிவிட்டார். வெறுங்கையோடு ஒரு பொம்பிளை புலியைத் துரத்தினாள் என்றால் நம்ப நான் என்ன குழந்தையா என்று தோட்டத்துத் துரை பொலிசாரிடம் கேட்டிருக்கிறார்.

தாய் தகப்பன் இல்லாத இரண்டு பேர். அவனுக்குத் தண்டனை கிடைத்தால் தோட்டத்துப் பதிவில் இருவர் பேரையும் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் காம்பரா போய்விடும். தூக்கி வளர்த்த தம்பி மறியலில், அதாவது சிறையில், அவள் தெருவில் என்று ஆகும். சாட்சிக் கூண்டில் ஏறும்போது இது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். இடது கை முழங்கையிலிருந்து விரல் வரை கட்டுக்குள் இருந்தது. சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கச் சொன்னேன்.

"உன்னைக் காயப்படுத்தியது ஆர்?" என்று நீதவானின் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"புலிங்க."

"டைகர்," என்றேன் நான், நல்ல உச்சரிப்போடு.

நீதவான் வெள்ளைக்காரர். பேனாவைக் கீழே வைத்தார். வேட்டைக்குப் போகிற மனிதர். இந்தத் தீவில் எந்தக் காட்டிலும் டைகர் கிடையாது, அது இந்தியாவில் இருக்கிற மிருகம், இதைச் சாட்சிக்குச் சொல் என்றார்.

"இந்தத் தீவிலை புலி இல்லையெண்டு துரை சொல்லுறார்."

அவள் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப என்னயக் கடிச்சது யாருங்க?"

வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற பியோன், எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒரு வயதான முஸ்லிம் மனிதர், "சத்தம் போட வாணாம்" என்று அதட்டினார். அவள் கேட்டதையும் மொழிபெயர்த்தேன். அதைத்தான் நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்றார் நீதவான்.

பிறகு விதிப்படி வாக்குமூலத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காகிதத்தில் டைகர் என்று இருந்தது. நான் அதைப் புலி என்று தமிழாக்கி வாசித்தேன். "சரியோ?" என்று கேட்டேன். "ஆமாங்க, புலிதான்" என்றாள். இடது பெருவிரல் அடையாளம் வேண்டும். இடது கை கட்டுக்குள் இருந்தபடியால் வலது பெருவிரலுக்கு அனுமதி கேட்டு, அனுமதி கிடைத்ததை ஓரத்தில் குறித்துச் சுருக்கொப்பம் வைத்தேன். அவ்வளவு கவனமாக இருந்தேன்.

மருந்துக்காரரைச் சாட்சிக்கு அழைப்பதற்காக வழக்கு ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், தள்ளிப்போனது. தம்பியைத் திரும்ப மறியலுக்குக் கொண்டுபோனார்கள். சாட்சி தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று தோன்றுவதாக நீதவான் எழுந்து போகும்போது சொன்னார். அதை யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை.

கண்டி மஹய்யாவவில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து நாலு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டோம். அப்படிக் கலியாணமாகாத உத்தியோகத்தர்கள் கூடியிருக்கும் வீட்டைச் சமறி என்போம். அன்று மாலை சோற்றுக்கு முன்னால் வழக்கைச் சொன்னேன்.

"வெறுங்கையோடை புலியை? விடும் ஐசே," என்றார் தபால் கந்தோர்க்காரர். "எங்கடை மேசைக்குக் கீழை பூனை படுத்தால் நான் காலைத் தூக்கி வைக்கிறனான்."

"பூனைக்கு நீர் பயப்பிடுறதைக் கொண்டு அந்தப் பிள்ளையை அளக்காதையும்," என்றார் நிலஅளவைக் கந்தோரில் இருந்தவர். சங்கிலி பிடித்துக்கொண்டு காடெல்லாம் அலைந்தவர். "ஏலும் ஐசே. கழுத்தைக் குடுக்காமல் கையைக் குடுத்தால் ஏலும். அதுவும் கிழட்டுப் புலியெண்டால், பசியிலை லயத்துப் பக்கம் நாயும் ஆடும் தேடி வாறது."

"ஆனால் இஞ்சை புலியே இல்லையாம். துரை சொல்லுறார்."

"இல்லையோ? போன மாசமும் நான் காலடி பார்த்தனான்."

"டைகர் இல்லையெண்டுதான் சொன்னவர்."

அவர் பருப்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டைகர் வரிப்புலியெல்லோ. அந்தப் பிள்ளை வரிப்புலி எண்டு சொன்னதே?"

"புலி எண்டு சொன்னது."

"உம்மடை வீட்டிலை சிறுத்தையை என்னெண்டு சொல்லுவினம்?"

வன்னியில் எங்கள் பெரிய தகப்பனாரின் மாட்டைக் கொண்டுபோன மிருகத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டில் எல்லோரும் புலி என்றுதான் சொல்வார்கள். புள்ளி போட்ட மிருகம் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் டைகருக்குக் கீழே புலி என்றும் லெப்பட்டுக்குக் கீழே சிறுத்தை என்றும் அச்சடித்திருந்தது. படங்களோடு. பரீட்சையில் அந்தச் சொற்களுக்கு முழுப் புள்ளி வாங்கியவன் நான். பிறந்த வீட்டில் படித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்தது அழித்துவிட்டிருந்தது. அந்த நீதவானே மலைக்காட்டில் சிறுத்தை சுட்டவர். சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் அவளுடைய கதையில் பாதியை அங்கேயே நம்பியிருப்பார்.

"திருத்தலாம்தானே?" என்றார் தபால் கந்தோர்க்காரர்.

"திருத்தலாம். திறந்த கோட்டிலை எழும்பி அனுமதி கேட்டுத்தான் திருத்தவேணும்."

"அப்ப உம்மடை நிரந்தரம்?"

சோறு ஆறிப்போயிருந்தது.

அடுத்த நாளே நீதவானின் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். திறந்த மன்றில்தான் திருத்த வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு எனக்கு நானே ஆறு நாள் தவணை கொடுத்தேன். நல்ல விதி. பயந்தவனுக்கு எப்போதும் ஒரு நல்ல விதி கிடைக்கும். அந்த ஆறு நாளும் ஒருவன் என் சொல்லுக்காக மறியலில் இருந்தான். அந்த ஆறு நாளும் காலையில் அவள் எங்கள் பீலியடிக்கு, தண்ணீர்க் குழாயடிக்கு, வந்தாள். இரண்டாவது விஷயம் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கும் சோறு கொடுக்க மறியல்சாலைக்கும் போக வேண்டியிருந்ததால் அவள் மஹய்யாவவில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். எங்கள் சமறிக்கும் அந்த வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பீலி. முதல் நாள் காலை என்னைக் கண்டு ஒதுங்கி நின்றாள். நான் குடத்தை நிரப்பி அவளிடம் கொடுத்தேன். ஒற்றைக் கையால் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நோகுதோ?" என்றேன்.

"ஐயா என்னங்க கேக்குறீங்க?"

"உமக்கு வலிக்குதோ எண்டு கேட்டனான்."

"வலிக்காம இருக்குமாங்க? கடிச்சது புலியாச்சே. இல்லாத புலி."

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

சாட்சியோடு மொழிபெயர்ப்பாளர் வழக்குப் பேசக் கூடாது. நான் வழக்குப் பேசவில்லை, புலிதான் பேசினேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இரண்டாம் நாளிலிருந்து அவள் எனக்குக் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள். குடம் நிரம்பும் நேரம் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. அந்தப் பீலியில் தண்ணீர் மெல்ல வந்ததற்கு நகரசபைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

தம்பி சத்தம் போட்டதால் அன்று ஆட்டை வெளியே கட்டியிருக்கிறாள். விடியப்புறம் பனி. வாளியோடு போனபோது ஆட்டின் கழுத்தில் ஏதோ தொங்குவது போலத் தெரிந்தது. நாய் என்று நினைத்து அதட்டினாள். திரும்பியது.

"வாளியாலை அடிக்கேல்லையோ?"

"மொதல்ல அதத்தான் கீழ போட்டேன். பயத்துல கையில இருக்கிறதத்தானே போடுவோம். அப்பறம் என்ன இருக்கு, கைதான் இருக்கு."

மூஞ்சிக்குப் பாய்ந்ததை இடது கையால் மறித்தாள். கை வாய்க்குள் போய்விட்டது.

"அப்ப நீர் கையை இழுக்கேல்லையோ?"

"இழுத்தா கிழிச்சிரும்ங்க. நாய் கவ்வுனா தெரியாதா? உள்ள தள்ளுனேன். தொண்டைக்குள்ள. இந்தக் கையால காத புடிச்சுக்கிட்டு இன்னும் தள்ளுனேன். அதுக்கு மூச்சு முட்டுது. எனக்கும் முட்டுது. ரெண்டு பேரும் அப்பிடியே நின்னோம். யாரு மொத விடுறதுன்னு."

"பிறகு?"

"அதுதான் விட்டுச்சு. ஓடலைங்க. ரெண்டு தடவ இருமிட்டு, கொழுந்து மலைப் பக்கம் நடந்து போச்சு. என்னய திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு அதுதான் கோவம்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பற்களும் தெரிகிற சிரிப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். என் மனைவியுடைய சிரிப்பு உட்பட. அவள் நல்லவள், நல்லபடியாக முப்பது வருடம் என்னோடு இருந்தாள், அவளைப் பற்றி ஒரு குறையும் எழுத மாட்டேன். ஆனால் பீலியடியில் காலை ஆறரை மணிக்கு, மஹய்யாவக் குன்றில் பனி பாதி கலைந்த நேரத்தில் கேட்ட அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். இந்த வயதிலும் வேண்டும். அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை.

நாலாம் நாள் அவள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, கோட்டுல என்னய நீன்னீங்க. மொத நாளு இங்க நீருன்னீங்க. இன்னைக்கு நீங்கங்கிறீங்க. எது சட்டம்?"

"கோட்டிலை நீ எண்டதுதான் வழக்கம்."

"இங்க?"

"இஞ்சை வழக்கம் ஒண்டுமில்லை."

"நாளைக்கு என்னன்னு கூப்புடுவீங்களோ," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் நான் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆறாம் நாள் அவள் கதை சொல்லவில்லை. தம்பி சாப்பிட மாட்டேன் என்கிறானாம், அக்கா நீ புலின்னு சொல்லாதே, நான்தான் வெட்டினேன்னு சொல்லிடு, கொஞ்ச நாளில் விட்டுவிடுவாங்க, பொய்ச் சத்தியம்ன்னு உன்னையும் உள்ளே போட்டுருவாங்க என்கிறானாம்.

"அப்பிடிச் சொல்லலாமாங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பிழை என்னுடையது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். "சொல்ல வேண்டாம். நாளைக்கு நான் பார்க்கிறன்," என்றேன். பெரிய மனிதனைப் போல.

மறுநாள் வழக்கைக் கூப்பிட்டவுடன் எழுந்து நின்றேன். சென்ற தவணையில் சாட்சியின் சொல்லை நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன், பதிவைத் திருத்த அனுமதி வேண்டும் என்றேன். எல்லாம் ஆங்கிலத்தில். மேசையைப் பிடித்துக்கொண்டேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். எந்தச் சொல் என்று கேட்டார். சொன்னேன். இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க உனக்கு ஏழு நாள் எடுத்ததா என்று கேட்டார். அதற்குப் பிறகு கேட்டவற்றை எழுதத் தேவையில்லை. அவை என் கோவையில், அதாவது உத்தியோகப் பைலில், இருந்தன. கோவை என்னைவிட முன்னதாகவே பல இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்த மனிதருக்கு நேர்மை இருந்தது. சிறுத்தை என்றவுடன் அவளைப் பார்த்த பார்வை மாறியது. ஆஸ்பத்திரி வைத்தியரை அன்று மத்தியானமே அழைத்துக் கட்டை அவிழ்க்கச் சொன்னார். கையின் மேல் பக்கம் இரண்டு துளை, கீழ்ப் பக்கம் இரண்டு துளை. கத்தியால் ஒரு கையை இரண்டு பக்கமும் ஒரே தடவையில் துளைக்க முடியுமா என்று மருந்துக்காரரிடம் கேட்டார். மருந்துக்காரர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

கடைசியாக நீதவான் என்னைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார், அவள் கையில் ஏதாவது ஆயுதம் இருந்ததா என்று கேள்.

கேட்டேன். "வெறுங்கைதாங்க," என்றாள். இந்த முறை அதை மூன்று தரம் மனத்துக்குள் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

தம்பியை விடுதலை செய்தார்கள்.

பின்னேரம் அவர்கள் தோட்டத்துக்குத் திரும்ப வத்தேகமப் பக்கம் போகும் பஸ்சுக்கு நின்றார்கள். நானும் அங்கே போனேன். தம்பி காலில் விழப் பார்த்தான், தடுத்தேன்.

"எங்களுக்காகத் தொரைகிட்ட ஏச்சு வாங்கினீங்க," என்றாள் அவள். "மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிச்சு. மறக்க மாட்டோம். ஒரு ஞாயித்துக்கெழம நம்ம பக்கம் வாங்க. காம்பராவுல ஒக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்கணும் நீங்க."

என் பிழையால் அவளுடைய தம்பி ஒரு கிழமை மறியலில் இருந்திருக்கிறான். அவள் அதற்கு எனக்கு நன்றி சொன்னாள். நான் நன்றியை வாங்கிக்கொண்டேன். ஒரு மனிதனுக்கு அப்படி யாரும் அதுவரை நன்றி சொல்லவில்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். "வாறன்," என்றேன். பஸ் போனது.

போகவில்லை. திருட்டு நன்றியோடு அந்தக் காம்பராவில் எப்படி உட்காருவது என்று யோசித்தேன். அது ஒரு காரணம். ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தோட்டத்துப் பெண் ஒருத்தி வீட்டில் தேத்தண்ணீர் குடித்தேன் என்று கடிதம் போனால் என் தாயார் என்ன சொல்வார் என்பது இரண்டாவது காரணம். இரண்டாவதை மறைக்க முதலாவதை முன்னால் வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு வத்தேகம வரை றெயிலில் போய், மேடையில் நின்று, அடுத்த வண்டியில் திரும்பினேன். இரண்டு மாதத்தில் மன்னாருக்கு மாற்றம் வந்தது. நிரந்தரம் இரண்டு வருடம் பிந்தியது.

முப்பதுகளின் கடைசியில் கண்டிக்குத் திரும்பி வந்தேன். அப்போது கலியாணமாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கந்தோர் வேலை என்று சொல்லிவிட்டு, மடுல்கெல்லைக்குப் போனேன். பிழை என்னுடையது என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அதை மட்டும் சொல்லிவிட்டு வரலாம் என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் இருந்த லயத்தில் கதவோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண்ணிடம் விசாரித்தேன்.

"புலிக்காரியவா கேக்குறீங்க? அவங்க போயி அஞ்சு வருசமாச்சே. தம்பிக்காரனோட கம்பளப் பக்கம் போயிட்டாங்க. அங்கயே கட்டிக்கிட்டா. ரெண்டு புள்ளைங்க."

"கையெல்லாம் சுகமோ?"

"வெரலு ரெண்டு மடங்காது. கொழுந்து எடுக்கிறதுல எங்க எல்லாரயும் அடிச்சிருவா."

புடைப்பதை நிறுத்திவிட்டு அவளாகவே சொன்னாள். கோட்டில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தாராம். புலியைத் தப்பாக இங்கிலீசில் சொல்லிவிட்டாராம். அதனால்தான் தம்பி உள்ளே இருந்தானாம். பிறகு அவரே எல்லார் முன்னாலும் எழுந்து, நான்தான் தப்பு என்று சொல்லி ஏச்சு வாங்கினாராம்.

"இது அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே கோட்டு வாசல்ல நின்ன நானா சொல்லிட்டாராம்ல. பஸ்சுல ஏறறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும். தப்புப் பண்றவன் நூறு பேரு, எந்திரிச்சு நிக்கிறவன் ஒருத்தன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அந்த ஐயாவ வரச் சொல்லியிருக்கேன், வருவாருன்னு ரெண்டு வருசம் ஞாயித்துக்கெழமன்னா வாசல கூட்டி வச்சா. நாங்க கேலி பண்ணுவோம், ஒன் புலி இன்னும் வரலியான்னு."

நான் குடையை மடித்து விரித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க யாருங்க? சொந்தமா?"

"இல்லை. கந்தோர் அலுவல்," என்றேன்.

"ஒக்காருங்க, தேத்தண்ணி தாரேன்."

உட்கார்ந்தேன். பக்கத்துக் காம்பராவில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. தேத்தண்ணீர் நன்றாக இருந்தது. குடித்து முடித்த பிறகு, கம்பளையில் எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். எந்தப் பாலத்தைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை மைல் கட்டை ஏற வேண்டும், எத்தனையாவது லயம் என்று எல்லாம் விவரமாகச் சொன்னாள். நான் சட்டைப் பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தை எடுக்கவில்லை. இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். கம்பளைக்கு அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எல்லாம் கந்தோர் அலுவலாக. ஒவ்வொரு முறையும் அலுவல் முடிந்ததும் நேரே ஸ்டேசனுக்கு வந்து, முதல் வந்த வண்டியில் ஏறினேன்.